பத்துக் குழி நிலம்

அன்பு வாசகர்களுக்கு,

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்த தண்ணீர், கல்லணையைத் தாண்டி, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாறு வழியாக எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். முத்துப்பேட்டைக்கு வடக்கே இருக்கும் கடைமடைக் கிராமம் எங்களுடையது. மேலே இருப்பவர்கள் வயலெல்லாம் நனைந்த பிறகுதான் எங்கள் வாய்க்கால் நனையும். முதல் தண்ணீருக்கு முன்னால் சருகும் நுரையும் உருண்டு வரும். சிறுபிள்ளைகளாக இருந்தபோது அதோடு கூடவே கரையில் ஓடுவோம். இந்தமுறை கரையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அப்பா இருந்திருந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றிருப்பார்.

திரும்பும்போது ஊராட்சி மன்ற அலுவலகத்தைக் கடந்து வந்தேன். உள்ளே சுவரில் தலைவர்கள் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகவே படிக்கலாம். அதில் என் அத்தையின் பெயர் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் இருக்கிறது. பலகையின் கடைசி வரி 2020-இல் தொடங்கி 2025-இல் முடிகிறது. அதற்குக் கீழே பலகை வெறுமையாக இருக்கிறது. எங்கள் திருவாரூர் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் நடக்கின்றன.

அந்தப் பலகையில் பெயர் உள்ள ஒருவரைப் பற்றியும், பெயர் இல்லாத மூன்று பேரைப் பற்றியும் இந்த மாதம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் உள்ளாட்சி பற்றிய மேடைப்பேச்சு நம்மிடம் முடிவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்ததையும், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கி வைத்ததையும் படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. என் அத்தையின் ஓலையை அந்தக் குடத்தில் போட்டிருக்கமாட்டார்கள். அத்தையோடு மன்றத்தில் உட்கார்ந்த காலனித் தெரு உறுப்பினரின் ஓலையை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் இருவருக்கும் இடம் கொடுத்தது 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான். எனக்கு அந்தக் கல்வெட்டைவிட இந்தச் சட்டம் பெரியது.

1986-க்குப் பிறகு பத்து வருஷம் உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் இருந்து, 1996 அக்டோபரில் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அத்தை எட்டாவது வரை படித்தவர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கூப்பிட்டால் அவர் வீட்டு அடுப்படியில் கேட்கும். அத்தை பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், அப்பாவின் முப்பது வருஷத்துச் சிநேகிதரின் மனைவி. அப்பா சிநேகிதர் பக்கம் போய்விட்டார். சொந்தத் தங்கைக்கு எதிராகத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தார்.

கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சி. ஒரே நாளில் ஒரே ஆள் நாலு ஓட்டுப் போட வேண்டும். கட்சி இல்லாத அந்த இரண்டு ஓட்டுக்குத்தான் எங்கள் ஊரில் தூக்கம் கெடும். ஏனென்றால் எதிரே நிற்பவர் மாமனாகவோ மைத்துனனாகவோ, நேற்றுவரை வாய்க்கால் முறையில் நமக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்தவராகவோ இருப்பார்.

வாக்கு எண்ணிக்கை அன்றைக்குப் பொழுதெல்லாம் கடைத்தெருவில் டீக்கடை பாய் கடையைத் திறந்தே வைத்திருந்தார். அவர் கடை பெஞ்சில் தினத்தந்தியும் முரசொலியும் ஜனசக்தியும் ஒன்றாகக் கிடக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவர் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. ஜெயித்தவர், தோற்றவர் எல்லாருக்கும் அன்றைக்கு டீ இலவசம். தோற்றவர்களுக்கு மட்டும் தானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பார். அப்பாவுக்கும் அன்று அப்படித்தான் கொடுத்தார். அத்தை 37 ஓட்டில் ஜெயித்திருந்தார். பாய் 2012-இல் காலமானார். அவர் ஜனாஸாவில் எல்லாக் கட்சிக்காரர்களும் பள்ளிவாசல் வரை நடந்தார்கள். அதற்குமேல் அவருக்கு எந்தப் பலகையும் தேவைப்படவில்லை என்றாலும், இந்தப் பக்கத்தில் அவர் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த வருஷத் தீபாவளி, தேர்தல் முடிந்து சில வாரங்களிலேயே வந்துவிட்டது. தங்கைக்குச் சீர் கொடுக்க வேண்டும். அப்பா புடவையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அத்தை வாங்கவில்லை. "அண்ணன் வந்து குடுத்தா வாங்கிக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளிக்கு முதல்நாள் இருட்டின பிறகு அப்பா போனார். நானும் கூடப் போனேன். அத்தை அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "ஓட்டு உன் இஷ்டம்ணே. சீரு என் உரிமை" என்றார். தட்டை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குப் பிடித்த அதிரசத்தை எடுத்து வைத்தார். எங்கள் ஊர் அரசியலை நான் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்தான்.

முதல் ஒரு வருஷம் அத்தையின் வேலையைப் பாதி மாமாவே பார்த்தார். ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்கு அவர்தான் போவார். பெண்கள் தலைவரான பல ஊர்களில் அன்றைக்கு அதுதான் நடந்தது, இன்றைக்கும் சில இடங்களில் நடக்கிறது. அத்தை அதை மாற்றியது செக்கில். வெற்றுச் செக்கில் கையெழுத்துக் கேட்டபோது, "எதுக்குன்னு எழுதிட்டுக் கொண்டாங்க, படிச்சுட்டுப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். டியூப்லைட் எத்தனை, குழாய்க்கு வாஷர் எத்தனை, மோட்டாருக்குக் காயில் கட்டினது எவ்வளவு என்று ரசீதோடு சரிபார்க்க ஆரம்பித்தார். மாமா வருவது தானாக நின்றுபோனது.

ஆனால் இந்தக் கதையில் அத்தையைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலனித் தெருவின் தனி வார்டில், பெண்களுக்கான இடத்தில் ஜெயித்து வந்தவர். நாற்று நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகிற கோஷ்டித் தலைவி. ஊரே அவரை இன்றைக்கு மெம்பரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. முதல் கூட்டத்தில் அவர் வாசல் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். உறுப்பினர்களுக்கு நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லி அத்தை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆண் உறுப்பினர்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனதாக அத்தையே பின்னால் என்னிடம் சொன்னார். மூன்றாவது கூட்டத்தில் மெம்பரம்மா எல்லாருக்கும் முன்னதாகவே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் வெளியே போனார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கூட்டம் நடந்தது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரிந்து செத்தது எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில்தான். மதுரைப் பக்கம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றது 1997 ஜூன் 30. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலித் ஒருவர் தலைவராகி முழுப் பதவிக்காலமும் இருப்பதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நடவுக்காரப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் என்றால், அதற்கு வேண்டிய துணிச்சல் என்னிடம் இருந்திருக்காது.

1999 ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபையில் மெம்பரம்மா சுடுகாட்டுப் பாதையைக் கேட்டார். காலனித் தெருவிலிருந்து அவர்கள் சுடுகாட்டுக்கு வழியே கிடையாது. வயலுக்குள் இறங்கி, வரப்பில் பாடையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நடவு நட்டிருந்தால் பயிரை மிதித்ததாகச் சண்டை வரும். ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர். பாதை போடவேண்டிய நிலம் மூன்று பேர் பட்டா. அதில் ஒருவர் என் அப்பா.

அத்தை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அப்பா எழுந்து, பட்டா நிலத்தில் யாரும் பாதை கேட்கமுடியாது என்றார். நான் அப்போது கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. அதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று அடுத்தடுத்த எல்லாக் கிராம சபையிலும் மெம்பரம்மா அதே பாதையைக் கேட்டார். தீர்மான நோட்டில் எழுதச் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். 2000-ஆம் வருஷ ஐப்பசி மழையில், எங்கள் வயலில் இருபது வருஷத்துக்கு மேல் அப்பாவோடு வேலை பார்த்தவர் இறந்துபோனார். அப்பா வயல் மேடுவரை கூடவே போனார். அதற்குப் பிறகு தண்ணீர். தூக்கிப் போனவர்கள் பாடையைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நடந்ததைக் கரையில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அன்று இரவு சாப்பிடவில்லை. தை மாதம் ஏழடி அகலத்துக்கு, மொத்தம் பத்துக் குழி நிலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இன்னொருவரும் கொடுத்தார். மூன்றாமவர் கடைசிவரை கொடுக்கவில்லை. அதனால் பாதை அந்த இடத்தில் வளைந்து, ஊராட்சி போட்ட ஒரு சிறுபாலத்தின் வழியாக வாய்க்காலைத் தாண்டிச் சுற்றிப் போகிறது.

இரண்டாம் முறையும் அத்தைதான் தலைவர். 2006-இல் இறங்கினார். 2015-இல் போய்விட்டார். அவர் போன அடுத்த வருஷமே ஊராட்சியும் ஆளில்லாமல் ஆனது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலுக்கான அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 டிசம்பர் வரை மூன்று வருஷம் அப்படியே போனது.

அந்த மூன்று வருஷத்துக்குள்தான் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை. அன்று எங்கள் கொல்லையில் இருந்த முப்பத்திரண்டு தென்னையில் நாலு மிஞ்சின. பல ஓட்டு வீடுகளில் ஓடே இல்லை. மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டதை எங்கள் ஊர் மறக்காது. அதிகாரிகளும் வந்தார்கள், உழைத்தார்கள். ஆனால் எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவி இருக்கிறாள், எந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் போகவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல, அதற்கென்று ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். "பிரசிடெண்டம்மா இருந்திருந்தா..." என்று எத்தனை பேர் சொன்னார்கள்!

அந்த வாரம் மெம்பரம்மா பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டினார். அவர் பதவியில் இல்லை. யாரும் இல்லை. கையில் இருந்த ரேஷன் அரிசியை எல்லாத் தெருவிலும் கேட்டு வாங்கிப் போட்டார்கள். எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முதல்முறையாக அன்றுதான் பார்த்தது. அப்பா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், வீடு வீடாகச் சேதத்தை நோட்டில் எழுதினார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. காலனித் தெருவிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்.

2019 டிசம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. நான் சென்னையிலிருந்து பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டேன். 2020 ஜனவரியில் புதிய தலைவர் பதவியேற்ற மூன்றாம் மாதம் கொரோனா. முப்பது வயதுப் பையன், தோளில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக மருந்தடித்தான். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பி வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தான். கபசுரக் குடிநீர் வரவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் அவன் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அவன் எங்கும் ஓடிப்போக முடியவில்லை, அவன் வீடும் அதே தெருவில்தான் இருந்தது. கஜாவுக்கும் கொரோனாவுக்கும் நடுவில் என் ஊர் கண்ட வித்தியாசம் அதுதான். சத்தம் போட ஒரு வாசல் இருந்தது.

தனி அலுவலர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள். சராசரியாகப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். வட்டார வளர்ச்சி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 32 ஊரின் தெருவிளக்கை இரவில் எழுந்து பார்க்க முடியாது. அவரை மாற்ற எங்களால் முடியாது, அவருக்கும் எங்கள் ஓட்டுத் தேவையில்லை. தேர்தல் தள்ளிப்போவதற்கு வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் காரணம் இருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிவைக்க யாருக்காவது மனம் வருமா? கிராமத்துத் தேர்தல் என்றால் மட்டும் காத்திருக்கலாம் என்று நினைப்பது தவறு. அதை இந்தப் பத்திரிகை தவறு என்றே தொடர்ந்து எழுதும்.

அப்பா 2022 தை மாதம் இறந்தார். மெம்பரம்மா வந்திருந்தார். பதவிக்கு வருவதற்கு முன்பு என்னைச் "சின்னய்யா" என்று கூப்பிட்டவர், இரண்டாம் வருஷத்திலிருந்து "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அந்த மாற்றத்தை எனக்குக் கிடைத்த மரியாதையாகவே வைத்திருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அப்பாவின் தாராள குணத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெம்பரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "பத்துக் குழிக்கு அவங்க ரெண்டு வருசம் யோசிச்சாங்க தம்பி. அந்த ரெண்டு வருசத்துல எங்க தெருவுல ஏழு சாவு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா குடுத்தாங்க" என்றார். அப்பாவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

இந்தமுறை ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கண்ணில் புரை அறுவை செய்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் வளைவில் இருக்கும் சிறுபாலம் உடைந்து கம்பி தெரிகிறது. மே 1 கிராம சபையில் மனு கொடுத்து, தீர்மானமாக எழுதச் சொல்லி, படித்துக் காட்டவும் சொல்லியிருக்கிறார். பழைய பழக்கம். "மழைக்கு முன்னாடி போட்டாத்தான் உண்டு. ஆகஸ்ட் பதினஞ்சாந்தேதி திரும்பக் கேப்பேன். கோரத்துக்கு ஆளு வேணும், வர்றியா தம்பி?" என்றார்.

கோரம் என்று அவர் சொன்னது சட்டத்தில் உள்ள கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்குமேல் 300 பேர் கிராம சபைக்கு வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்து அந்த எண்ணிக்கையை முடித்துவிடுகிறார்கள், அல்லது நோட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேட்கலாம், வரவு செலவைப் படிக்கச் சொல்லலாம், தீர்மானத்தை எழுதச் சொல்லலாம்.

என் பெயர் இன்னும் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 15 காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நானும் நூறில் ஒருவனாக இருப்பேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு பேசாமல் நின்ற இடத்தில் இந்தமுறை எழுந்து, சிறுபாலத்தைக் கேட்பேன்.

நீங்களும் உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள். போய்வந்து, அங்கே என்ன கேட்டீர்கள், என்ன எழுதினார்கள் என்று ஒரு அஞ்சலட்டையில் எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் பெயர்ப் பலகையில் இடம்பெறாத ஒரு மெம்பரம்மாவோ டீக்கடைக்காரரோ இருந்தால் அவரைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்